தங்கக் கால் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தவன் சொல்கிறேன்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைத்துத்தான் நான் குஷன் வேலை பழகினேன். இரும்புக் குழாயில் பிரேம், அதன் மேல் பிளைவுட், அப்புறம் ஃபோம், ரெக்சின். எல்லா சீட்டும் ஒரே உயரம், ஒரே அகலம். டிக்கெட் எடுத்தவர் யாரும் எதிலும் உட்காரலாம். பிறகு ஷார்ஜாவில் ஒரு சோபா பட்டறையில் வேலை கிடைத்துப் போனேன். அங்கே கைக்கு வந்த நாற்காலிகள் வேறு ரகம். வளைந்த கால், கைப்பிடி முழுக்க இலையும் பூவும் செதுக்கல், மரத்தின் மேல் தங்கத் தாள், ஆள் உயரத்துக்கு முதுகு, துணியில் பூங்கொத்து. ஒரே செட்டுக்குள் ஒரு நாற்காலி பெரிதாக இருக்கும், மற்றவை அடங்கி இருக்கும். எதில் யார் உட்காருவார் என்பது ஆசாரி மரத்தை அறுக்கும்போதே முடிவாகியிருக்கும்.

அந்தச் சாமான்களைப் பிரித்து, திரும்பத் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கியதில் பல வருஷம் ஓடிப்போயிற்று. இப்போது ஊரிலேயே சொந்தமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். 'மகாராஜா சோபா' வேண்டும் என்று போனில் படத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இந்த நாற்காலிகள் அந்தஸ்தைக் காட்டவே பிறந்தவை. அந்தஸ்தைக் காட்ட ஒருவர் ஆசைப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அந்த ஆசைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஒரு வீட்டின் கௌரவத்தை, வந்தவர் அங்கே எப்படி உட்கார்ந்து எழுந்தார் என்பதை வைத்துத்தான் ஊர் நினைவில் வைக்கும். அதனால் காசை மேலே பூசுவதற்கு முன்னால் உள்ளே போடுங்கள்.

ஷார்ஜா பட்டறைக்கு வந்த செட்டுகளில் பெரும்பாலானவை எகிப்து சாமான். நைல் நதியின் கிழக்குக் கிளை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் டமியெட்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரே மரச்சாமானை நம்பிப் பிழைக்கிற ஊர். ஒரு பட்டறையில் பிரேம் அடிப்பார்கள், அடுத்த பட்டறையில் செதுக்குவார்கள், இன்னோர் இடத்தில் தங்கத் தாள் ஒட்டுவார்கள், கடைசியில் குஷன்காரரிடம் வரும். என்னோடு வேலை பார்த்த மூத்த எகிப்தியர் அந்த ஊர்க்காரர். கைத்தொழில் தெரிந்த பெரியவரை அவர்கள் 'உஸ்தா' என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மரத்தைத் தொடாமல் நாற்காலியின் முன்னால் குந்தி, சீட்டை மட்டும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, இது எந்தப் பட்டறை வேலை என்று சொல்லிவிடுவார்.

இந்தப் பாணியை எகிப்தில் 'லூயி ஃபரூக்' என்று சொல்வதுண்டு. ஃபரூக் 1936 முதல் 1952 வரை எகிப்தை ஆண்ட மன்னர். லூயி என்பது பிரான்ஸ் மன்னர்களின் பெயர். பிரான்ஸ் நாற்காலி எகிப்துக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறப்பு விழாவுக்குப் பிரான்ஸ் பேரரசி யூஜெனி வந்தார். எகிப்தை ஆண்ட இஸ்மாயில் விருந்தினர்களுக்காகக் கெய்ரோவில் நைல் தீவின் மேல் கெசீரா அரண்மனையைக் கட்டி, ஐரோப்பிய சாமான்களால் நிரப்பினார். யூஜெனிக்கோ தனக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ராணி மரி அந்துவானெத்தின் மேல் அப்படியொரு பிரியம். அவர் காலத்துப் பாணியைத் தன் அரண்மனைகளில் மறுபடி செய்ய வைத்தவர். ஆக, பிரான்ஸிலேயே பழைய கௌரவத்தைத் திரும்பப் பிடிக்கச் செய்த நாற்காலிதான் கெய்ரோ அரண்மனைகளுக்குள் வந்தது. அரண்மனையிலிருந்து பாஷா பட்டம் பெற்ற பெரிய மனிதர்களின் வீடு, அங்கிருந்து வசதியான வியாபாரி வீடு, பிறகு நடுத்தரக் குடும்பத்துக் கல்யாண சீர் என்று அது இறங்கி வந்து, கடைசியில் கப்பல் ஏறி வளைகுடா வீடுகளுக்கும் போனது. நம் ஊர்க் கல்யாண மேடையில் இருக்கும் தங்க நிற சோபாவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். கால் வளைவையும் முதுகின் உச்சியில் இருக்கும் கிரீடப் பூவையும் பார்த்தாலே தெரியும்.

அந்த வம்சத்தின் மூலத்தைத் தேடி லீவு நாட்களில் நிறையப் படித்தேன். பதினான்காம் லூயி 1682-இல் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். அங்கே உட்காருவது என்பது உரிமை. ராஜா முன்னிலையில் கைப்பிடி வைத்த நாற்காலி ராஜாவுக்கும் ராணிக்கும்தான். அதற்குக் கீழே முதுகு மட்டும் உள்ள நாற்காலி. அதற்கும் கீழே முதுகும் கையும் இல்லாத ஸ்டூல். ராணியின் முன்னால் அந்த ஸ்டூலில் உட்காரக் குறைந்தது டச்சஸ் (கோமகள்) பட்டமாவது வேண்டும். மற்ற சீமாட்டிகள் நிற்க வேண்டியதுதான். மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். ஒரு ஸ்டூலுக்காகக் குடும்பங்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கின்றன. கைப்பிடி, முதுகு, உயரம், பஞ்சு என்று நாங்கள் பட்டறையில் அளக்கிற ஒவ்வொன்றும் அங்கே ஒரு படிநிலை.

இதைப் படித்தபோது பிரான்ஸ்காரர்களின் விநோதம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் படம் ஒன்று வெளியானது. தேர்தலில் ஜெயித்து வந்த தலித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். அந்த நாற்காலிகளில் செதுக்கலும் இல்லை, தங்கமும் இல்லை. நாற்காலி செய்து பிழைக்கிறவனுக்கு அந்தப் படம் தாங்க முடியாதது. ஒரு சீட்டைச் செய்து கொடுக்கும்போது அதில் யார் உட்காருவார், யாரை உட்கார விடமாட்டார்கள் என்று யோசிக்காமல் இருக்க என்னால் இப்போது முடிவதில்லை.

வெர்சாயில் எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு. பதினான்காம் லூயி கண்ணாடி மண்டபத்தில் கெட்டி வெள்ளியில் மேசை, ஸ்டூல், விளக்குத்தண்டு எல்லாம் செய்து வைத்திருந்தார். 1689-இல் போர்ச் செலவுக்குப் பணமில்லாமல் அத்தனையையும் உருக்கச் சொல்லிவிட்டார். பிறகு பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பிரான்ஸ்காரர்கள் கவனம் வைத்தது மரத்திலும் துணியிலும் உட்காரும் சுகத்திலும்தான். பெண்களின் பாவாடை அகன்றபோது கைப்பிடியின் தண்டைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். முதுகை உடம்பு வளைவுக்கு ஏற்பக் குழித்தார்கள். பக்கங்களை அடைத்து, தனி மெத்தை வைத்து 'பெர்ஜேர்' என்று ஒரு நாற்காலி செய்தார்கள், அதில் சாய்ந்தால் எழ மனம் வராது. உயர்ந்த பட்டு போட்ட செட்டில் மரவேலையையும் செதுக்கலையும்விடத் துணிக்கும் குஷன்காரருக்கும் ஆன செலவுதான் அதிகம். இதை என் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்கிறேன்.

இனி உள்ளே போவோம். உஸ்தா எனக்குக் காட்டிய பழைய டமியெட்டா நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பிரித்த விதத்தைச் சொன்னால் எல்லாம் புரிந்துவிடும். அடியில் தூசி விழாமல் ஒரு கறுப்புத் துணி. அதைக் கிழித்ததும் சணல் பட்டைகள், பாய் பின்னுவது போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கோத்து, முரசு மாதிரி விறைப்பாக அடித்திருந்தது. அதன் மேல் சுருள் ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையையும் முன், பின், இடம், வலம், நான்கு மூலை என்று எட்டுத் திசையிலும் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு ஸ்பிரிங்கை அமுக்கினால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து இறங்கின. அதற்கு மேல் சாக்குத் துணி, அப்புறம் ஓலை நார். அந்த நாரின் முன் விளிம்பை மட்டும் சாக்கோடு சேர்த்து ஊசியால் தைத்து, விரல் பருமனுக்குக் கெட்டியான கரையாக்கியிருந்தார்கள். தொடையின் அடிப்பக்கம் மரத்தில் இடிக்காமல் இருப்பது இந்தக் கரையால்தான். அதன் மேல் பஞ்சு, வெள்ளை மல் துணி, கடைசியாகத்தான் பூப்போட்ட துணி. கண்ணுக்குத் தெரிகிற துணிக்குக் கீழே அத்தனை அடுக்கு. அந்தப் பஞ்சை எடுத்து வெயிலில் போட்டு, நாரைப் பிரித்து உதறி, திரும்ப அதையே வைத்தார் உஸ்தா. புதிதாக மாற்றியது பஞ்சில் கொஞ்சமும் மேல் துணியும்தான்.

இப்போது கடைகளில் விற்கும் பளபள செட்டைக் கவிழ்த்தால் வேறு காட்சி. பிரேமின் குறுக்கே எலாஸ்டிக் பெல்ட் நான்கைந்து, மேலே ஒரு ஃபோம் பாளம், அதன் மேல் ஸ்டேப்ளர் பின் அடித்த துணி. எலாஸ்டிக் பெல்ட் கெட்ட சாமான் என்று நான் சொல்லமாட்டேன். நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக அடித்தால் நன்றாகவே உழைக்கும். இடைவெளி விட்டு அடித்தால் இரண்டு வருஷத்தில் தொட்டில் ஆகிவிடும். சுருள் ஸ்பிரிங் கட்ட ஆள் கிடைக்காத ஊரில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் கேளுங்கள், அது போதும். நார் விஷயத்தில் நாம் எகிப்தியர்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நாரும், ரப்பர் பூசிய நார்ப் பாளமும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஃபோமுக்கு அடியில் ஒரு அங்குலம் நார்ப் பாளம் வைத்தால் சீட் குழிவிழுவது நன்றாகக் குறையும், காற்றும் ஓடும்.

எங்கள் பட்டறைக்கு அதிக வேலை கொடுத்தது மஜ்லிஸ்தான். அரபு வீட்டில் விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடம் அது. 2015-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். பெரிய வீடுகளில் அதற்குத் தனி வாசலே இருக்கும். சுவரை ஒட்டி நான்கு பக்கமும் இருக்கை ஓடும், யாரும் யாருக்கும் முதுகு காட்ட வேண்டியதில்லை. கதவிலிருந்து தள்ளி, நடுநாயகமான இடம் மூத்தவருக்கும் முக்கிய விருந்தாளிக்கும். ஒரு பெரியவர் வீட்டில் நாங்கள் போட்ட இருக்கைகளை அவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தது எனக்கு மறக்காது. மூலைப் பகுதி மட்டும் ஃபோம் புதிது என்பதால் கொஞ்சம் உயர்ந்து நின்றது, கதவுப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. எழுந்து வந்து உஸ்தாவிடம் சொன்னார்: "என் வீட்டுக்கு வந்தவன் என்னைவிடத் தாழ உட்காரக் கூடாது." கதவோரம் உட்காருவது பெரும்பாலும் இளவட்டங்களும் சாதாரண ஆட்களும். அந்தப் பக்கத்தையும் பிரித்து உயர்த்திக் கொடுத்தோம். அந்த வீட்டில் தங்கம் இருந்தது முதுகின் உச்சியில் ஒரு மெல்லிய வரியில் மட்டும். நான் பார்த்ததிலேயே கௌரவமான கூடம் அதுதான்.

எகிப்தியக் குடும்பங்களின் 'சலோன்' இன்னொரு விதம். தங்கத் தாள் ஒட்டிய ஒரு சோபாவும் நான்கு நாற்காலியும் கல்யாணத்தோடு வருபவை. பெண்ணுக்கு உரிய சாமான்களை எல்லாம் எழுதி மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் பட்டியல் ஒன்று அவர்களிடம் உண்டு, அதில் இந்த செட்டும் ஏறும். அந்த அறையைத் தினமும் புழங்குவதில்லை. வெள்ளைத் துணி போட்டு மூடி, கதவைச் சாத்தி வைப்பார்கள். பெரிய விருந்தாளி வந்தால்தான் திறப்பு. உஸ்தாவின் மனைவி வீட்டிலும் அப்படித்தானாம். நம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் சீர்ப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. அதில் தப்பென்ன என்று கேட்பவர்களுக்குத் தொழில்காரனாக ஒன்று சொல்வேன்: மூடி வைத்த ஃபோம் கெடாது என்று நினைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத அறையில், அதுவும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், துணியில் பூஞ்சணம் ஏறும், உள்ளே ஃபோம் தூளாகும். உட்கார உட்காரத்தான் சீட் உயிரோடு இருக்கும்.

சரி, வாங்கப் போகிறீர்கள் என்றால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சோபாவின் முன்பக்க மூலை ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். எதிர்மூலையின் முன்காலும் உடனே தரையை விட்டு எழ வேண்டும். அது தரையிலேயே நின்று பிரேம் முறுகினால், உள்ளே மூட்டு சரியில்லை. மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்துத் திருகாணி போட்டிருக்கிறதா என்று அடித்துணியை ஓரமாக விலக்கிப் பாருங்கள். கடைக்காரர் பார்க்க விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மரம். டமியெட்டாவின் தங்க சலோன்கள் பெரும்பாலும் பீச் மரத்தில் செய்தவை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மரம், செதுக்க அருமையாக வரும். எகிப்தின் வறண்ட காற்றில் நிற்கும். நம் ஊர் ஈரத்துக்கும் கறையானுக்கும் துளைக்கும் வண்டுக்கும் அது தாங்காது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும்போது ஆசையாகக் கொண்டுவந்த பீச் மர செட்டுகள் சில வருஷத்தில் கால் உளுத்து என் கடைக்கு வந்திருக்கின்றன. இங்கே செய்தால் தேக்கு அல்லது மகோகனி. செதுக்கல் இயந்திரத்தில் வந்ததா, கையால் முடித்ததா என்று தெரிய வேண்டுமானால் இலையின் நடு நரம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இயந்திரம் மட்டும் ஓடிய இடம் வழவழவென்று மழுங்கி இருக்கும். ஆசாரி உளி போட்ட இடத்தில் கூர்மை தெரியும். இயந்திரத்தில் எடுத்து உளியால் முடித்த வேலைக்கு நான் குறை சொல்லமாட்டேன், விலையை மட்டும் கைவேலை விலையாகக் கொடுக்காதீர்கள்.

தங்கம். அசல் தங்கத் தாள் கறுக்காது. நாம் பெரும்பாலும் பார்ப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தாள், அதன் மேல் வார்னிஷ் பூச்சு. பூச்சு கீறிய இடத்தில் கறுக்கும். கல்யாண மேடை சோபாக்களில் வெறும் ஸ்ப்ரே பெயின்ட்தான், வாடகைச் சாமானுக்கு அது சரியான வேலை. தாள் எதுவானாலும் அடியில் சுண்ணப் பொடியும் வச்சிரப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு இருந்தால் ஈரத்துணி படவே கூடாது. தண்ணீர் பட்டால் அந்த அடிப்பூச்சு இளகித் தாளோடு உரிந்து வரும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லி, மென்மையான காய்ந்த பிரஷ் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

துணிதான் எல்லோரும் பணத்தை இழக்கும் இடம். பூங்கொத்து போட்ட ஜக்கார்டு (தறியிலேயே பூ நெய்த துணி) எடுக்கும்போது மீட்டர் கணக்குக்கு முன்னால் பூங்கொத்தை எண்ணுங்கள். மூன்று பேர் சோபாவின் முதுகுக்கு மூன்று, சீட்டுக்கு மூன்று, ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு. ஒரு சோபாவும் இரண்டு நாற்காலியும் என்றால் பத்து முழுப் பூங்கொத்து வேண்டும், ஒவ்வொன்றும் நடுவில் நிற்க வேண்டும். சாதாரணத் துணியில் சோபாவுக்கு 54 அங்குல அகலத்தில் ஏழு மீட்டர் போதுமென்றால், பெரிய பூவுக்கு அதைவிடக் கூடும். பூவை நடுவில் நிறுத்தாமல் துணியை மிச்சம் பிடித்துத் தைத்த செட்டைப் பார்த்தால் எத்தனை தங்கம் பூசினாலும் கண் உறுத்தும். வெல்வெட் என்றால் எல்லாத் துண்டுகளின் மயிரும் மேலிருந்து கீழாகப் படிய வேண்டும். ஒரு துண்டு திரும்பிவிட்டால் அந்தச் சீட் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். தேய்மானத்துக்கு எத்தனை தேய்ப்பு தாங்கும் என்ற எண் நல்ல துணிகளின் சாம்பிள் புத்தகத்தில் இருக்கும், வீட்டுக்கு 20,000-க்கு மேல் பாருங்கள். தோல் மாதிரி இருக்கும் மலிவான லெதரெட் நம் வெக்கையிலும் ஈரத்திலும் செதில் செதிலாக உரியும். அலங்கார செட்டுக்கு நான் அதை ஒருநாளும் சிபாரிசு செய்வதில்லை.

ஃபோம் சீட்டுக்கு 40 டென்சிட்டி (அடர்த்தி), முதுகுக்கு 28 முதல் 32 வரை. கையால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுங்கள்.

அளவு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்து வாங்கிய ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சோபா கம்பீரமாகத்தான் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "கண்ணு, சாஞ்சா காலு தரையில படமாட்டேங்குது, எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும்" என்றார். சீட்டின் ஆழம் 26 அங்குலம், உயரம் 20. நம் ஆட்களின் உடம்புக்கு உயரம் 17 அல்லது 18, ஆழம் 20 முதல் 22 வரைதான் சரி. பழைய பிரான்ஸ் நாற்காலிகளில் ஆழம் இவ்வளவு கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவதற்கான அளவு அவை. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பெருக்கிய அளவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். முதுகுப் பக்கம் நான்கு அங்குலம் ஃபோமை ஏற்றி, சீட் ஃபோமை இரண்டு அங்குலம் இறக்கிக் கொடுத்தேன். பாட்டி தானாக எழுந்து அடுப்படிக்குப் போனார். வீட்டுக்காரர் அதுவரை செதுக்கலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மத்த நாற்காலியையும் இப்படியே பண்ணிருங்க" என்றார்.

அதனால் ஆர்டர் எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் வயதானவர் யார், முழங்கால் வலி யாருக்கு என்பதுதான். அடுத்தது, ஒரே ஒரு பெரிய நாற்காலி வேண்டுமா, எல்லாம் சமமாக இருக்கலாமா என்பது. வீட்டுத் தலைவருக்கு மட்டும் சிம்மாசனம், மற்றவர்களுக்குக் கைப்பிடி இல்லாத ஸ்டூல் என்று செட் கேட்டு வருகிறார்கள். செய்து கொடுக்கிறேன், அது அவர்கள் வீடு. ஆனால் எல்லா இருக்கைக்கும் ஒரே உயரம் வைத்துத்தான் செய்வேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். முதுகு எவ்வளவு உயர்ந்தாலும் சரி, உட்காரும் மட்டம் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரான்ஸ்காரர்களிடமிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது கழற்றி மாட்டும் சீட். வெர்சாயில் குளிர்காலத்துக்கு வெல்வெட், கோடைக்குப் பட்டு என்று மாற்றுவார்கள். அதற்காகச் சீட்டையும் முதுகையும் தனிச் சட்டத்தில் செய்து, பெரிய பிரேமுக்குள் பொருத்திக் கழற்றும்படி வைத்தார்கள். நம் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. குழந்தை சாம்பாரைக் கொட்டினால் அந்த ஒரு சட்டத்தை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டு வரலாம், தங்கத்தில் ஒரு பின் பட வேண்டியதில்லை. சித்திரை வெயிலுக்குப் பருத்தித் துணியில் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். ஆசாரியிடம் பிரேம் அடிக்கும்போதே கேட்க வேண்டும், பிறகு மாற்றுவது கஷ்டம். கூடுதல் கூலி கொஞ்சம் ஆகும், கொடுங்கள்.

பழைய செட் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விற்காதீர்கள். மூட்டு ஆடினால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் கயிற்றை மட்டும் மாற்றிக் கட்டலாம். குஷன்காரரிடம் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், பைப்பிங் எங்கே, லேஸ் எங்கே, பித்தளை ஆணி எத்தனை வரிசை என்று. பழைய மேல் துணியைக் கிழித்து எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள், அதுதான் புதுத் துணியை வெட்ட அளவு. பில்லில் மரம், ஃபோமின் டென்சிட்டி, துணியின் பெயரும் நம்பரும், பெல்ட்டா ஸ்பிரிங்கா என்பது எல்லாம் எழுதி வாங்குங்கள். மிஞ்சிய துணியில் ஒரு மீட்டராவது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே நம்பர் கிடைத்தாலும் சாயம் ஒரு சுற்று மாறித்தான் வரும்.